வெற்றிலையில் வைத்துக் கொடுத்த காற்று

செம்பாறைக்குறிச்சியில் காற்று இல்லாமல் போன கதையை யாரிடம் கேட்டாலும் முதலில் கம்பெனியைத்தான் இழுப்பார்கள். உள்ளதைச் சொன்னால் கம்பெனி காற்றைப் பிடுங்கவில்லை, ஊர்தான் கொடுத்தது, அதுவும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, மேளதாளம் ஒன்றுதான் குறை, மற்றபடி கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கொடுத்தது.

அந்த ஊருக்கு மேற்கே மலை, மலைக்கு நடுவே ஒரு கணவாய். வைகாசி பிறந்ததும் அந்தக் கணவாய் வழியாகக் கச்சான் காற்று இறங்கும். இறங்கிவிட்டால் கூரையில் ஓடு நிற்காது, கொடியில் சேலை நிற்காது, சோற்றில் மண் விழும், ஒருத்தி தெருவில் நின்று மாமியாரைத் திட்டினால் அந்தத் திட்டு மாமியார் காதில் விழாமல் பக்கத்து ஊரில் யாரோ ஒரு புண்ணியவதி காதில் போய் விழும். காற்றைத் திட்டாத வாய் ஊரில் கிடையாது. ஆனால் உளுந்தையும் எள்ளையும் தூற்றித் தந்ததும் அதே காற்றுதான், அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கிழக்கே தரிசாகக் கிடந்த கரட்டில் காத்தாடி நட இடம் கேட்டுக் கம்பெனி அதிகாரி வந்தார், கூடவே அரசாங்க ஆட்களும் வந்தார்கள். கரியை எரித்து எரித்துப் பூமி கொதிக்கிறது, இனி காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து அதை ஆற்றப்போகிறோம், உங்கள் ஊர் உலகத்துக்கே குளிர்ச்சி கொடுக்கப்போகிறது என்றார்கள். அம்மன் கோவில் முன்னால் கூட்டம். நாட்டாமை குத்தாலிங்கத்துக்குக் கூட்டத்தைச் சிரிக்க வைக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் வெற்றிலைத் தட்டை நீட்டி, "எடத்த மட்டும் வாங்கிட்டு என்ன செய்யப் போறீய, இந்தச் சனியன் புடிச்ச காத்தயும் சேத்துக் கொண்டு போயிருங்க சார்" என்றார். ஊரே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தட்டை வாங்கி, ஒரு வெற்றிலையில் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு மென்றுவிட்டார்.

அந்த ஊரில் வெற்றிலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் வாயால் சொல்லி, தட்டில் வைத்துக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது. பெண்ணோ மாடோ கிணற்றுத் தண்ணீரோ எதுவானாலும், வாங்கினவன் அந்த வெற்றிலையைத் திருப்பித் தந்தால்தான் கொடுத்தது திரும்பி வரும். மனிதர்கள் இந்தச் சட்டத்தை எத்தனையோ தடவை மீறியிருக்கிறார்கள். காற்று மீறவில்லை.

காத்தாடிகள் சுற்ற ஆரம்பித்த அன்று கணவாய் வழியாக வழக்கம்போல இறங்கி வந்த கச்சான், ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் வந்து நின்றது, சாவு விழுந்த துட்டி வீட்டைக் கண்டு விலகிப் போகிறவர்களைப்போல ஊரைத் தொடாமல் இரண்டு பக்கமும் வளைந்து போய், கிழக்கே கம்பிவேலிக்குள் நுழைந்துகொண்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் பனைகள் பேயாட்டம் ஆடின, வேலிக்கு அந்தப் பக்கம் காத்தாடிகள் சுற்றின, நடுவில் ஊரில் ஒரு வேப்பிலை அசையவில்லை.

ஊர் முதலில் அதை லாபம் என்றுதான் எடுத்துக்கொண்டது. கோலத்தின் மாவு கலையாமல் கிடந்தது. விளக்கேற்றக் கையைக் குவிக்க வேண்டியதில்லை. அடுப்புப் புகை மட்டும் போக இடமில்லாமல் கூரைக்கு மேலே தூண் மாதிரி நின்றது, அதைப் பெண்கள் முறத்தால் தள்ளித் தள்ளித் தெருக்கோடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். யார் வீட்டுப் புகை யார் வாசலில் கிடக்கிறது என்று சண்டை வந்தது, பிறகு சண்டைக்கும் பழகிவிட்டது. உளுந்து தூற்ற வேண்டியவர்கள் மூட்டையை ஓடைக்கு அந்தப்புறம் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தூற்றிவிட்டு வந்தார்கள். மூச்சு விடுவதில் யாருக்கும் குறை வரவில்லை, ஏனென்றால் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தது ஊர்க்காற்று, மூச்சு அவரவர் சொந்தம்.

ஆனால் சொந்த மூச்சு போதாதவர்கள் இருப்பார்கள் இல்லையா. செல்லக்கனி அப்படிப்பட்டவள்.

செல்லக்கனிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு திரிகிறவள் மாதிரி அவள் போகிற இடமெல்லாம் அந்தச் சத்தம் கூடவே போகும். அவள் மகள் முப்பிடாதி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், விட்டதற்கு அவள் சொல்கிற காரணம் அங்கே சொல்லித் தருவது ஒன்றும் தனக்கு ஆகவில்லை என்பது, ஊர் சொல்கிற காரணம் வாத்தியாரை எதிர்த்துப் பேசினாள் என்பது, இரண்டும் உண்மைதான். அம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்று அவள் கண்ணால் தேடினதே கிடையாது. பூனைக்குட்டி எங்கே கத்துகிறதோ அங்கே அம்மா.

காற்று போன பிறகு செல்லக்கனிக்கு வீட்டுக்குள் இருப்பு கொள்ளவில்லை. வெயில் தாழ்ந்ததும் கிளம்புவாள். ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, எழுந்து, அடுத்த கல்லில் உட்கார்ந்து, கிழக்கே கம்பிவேலி வரைக்கும் போவாள். வேலி ஓரத்தில் ஒரு சப்பட்டைக் கல். அதில் உட்கார்ந்து முகத்தைக் கம்பியில் வைத்தால் உள்ளே ஓடுகிற காற்றில் கொஞ்சம் கன்னத்தில் படும். திருட்டுத்தனமாகப் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி அவள் அதைக் குடித்துவிட்டு வருவாள்.

கம்பெனி அதையும் நிறுத்தியது. வேலிப்பக்கம் ஆள் உட்கார்ந்தால் விபத்து, விபத்து நடந்தால் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிற பசுமைப் பத்திரத்தில் கரும்புள்ளி விழும், அதனால் வேலிக்கு வெளியே இன்னொரு வேலி போட்டார்கள். சப்பட்டைக் கல் இரண்டு வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெளி வேலியில் முகம் வைத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பிடாதி காவல்காரர்களிடம் சண்டைக்குப் போனாள். அவர்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்கள், பாதுகாப்பு உங்களுக்காகத்தான் பாப்பா என்றார்கள்.

ஊர் போய் மனு கொடுத்தது. காற்று எந்தப் பட்டாவிலும் இல்லை, இல்லாததைக் காணோம் என்று எப்படி எழுதிக்கொள்வது என்று ஆபீசில் கேட்டார்கள். குத்தாலிங்கம் கம்பெனிக்குப் போய் வெற்றிலையைத் திருப்பிக் கேட்டார், அதுதான் அவர் வாழ்க்கையில் சிரிக்காமல் பேசிய முதல் பேச்சு. வெற்றிலை மென்ற அதிகாரி வேலை மாறிப் போயிருந்தார், அந்தக் கம்பெனியே காத்தாடிகளை இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போயிருந்தது. புதுக் கம்பெனிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். உங்கள் ஊருக்குக் காற்றுப் பிரச்சினை என்று கேள்விப்பட்டோம் என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தார்கள், பந்தல் போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து.

விசிறிகள் சுற்றின. நன்றாகவே சுற்றின. காற்று மட்டும் வரவில்லை. ஊரில் இல்லாததை விசிறி எங்கிருந்து கொண்டுவரும். ஆனால் கொடுத்ததைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று எல்லாரும் மாலையானால் விசிறியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, வேர்த்து வழிய, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனியும் உட்கார்ந்தாள். "சுத்துறதப் பாத்தாலே கொஞ்சம் ஆறுதலாத்தான இருக்கு" என்பாள். முப்பிடாதிக்கு அதைக் கேட்டால் விசிறியைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும்போல இருக்கும்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் பூனைக்குட்டி நின்றுவிட்டது. அடுப்படியில் இருந்த முப்பிடாதி சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் ஓடி வந்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

செல்லக்கனியை எரித்தார்கள். உடம்பு சாம்பலாயிற்று, புகை போகவில்லை. சிதையிலிருந்து எழுந்து, ஓர் ஆள் உயரத்துக்கு வந்து, சற்றுக் குனிந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்த மாதிரி அப்படியே நின்றது. ஊருக்கு இது புதிதில்லை. காற்று போன பிறகு செத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பீடி குடிக்கிற வாக்கில் ஒருவர், இடுப்பில் கை வைத்து ஒருத்தி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல சுடுகாட்டில் அங்கங்கே நின்றார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் போனால், என்ன சித்தப்பா, என்ன மதினி என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். கடன் வாங்கிவிட்டுச் செத்தவரிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை.

பேசலாம், ஆனால் காரியம் செய்ய முடியாது. புகை நிற்கிற வரைக்கும் பிணம் வேகிறது என்றுதான் அர்த்தம், வேகிற பிணத்துக்கு எப்படிக் கருமாதி செய்வது என்று காரியம் செய்துவைக்கிற சண்முகவேலு கையை விரித்துவிட்டார். அதனால் செத்த வீடுகளில் தீட்டு கழியவில்லை, தீட்டு வீடுகளில் கல்யாணம் இல்லை, ஒரு வீட்டுத் தீட்டு சொந்தக்காரர் வீட்டுக்கும் ஒட்டும், அந்த ஊரில் சொந்தம் இல்லாத வீடு எது, கடைசியில் அம்மன் கோவில் கொடை விழாவே நின்றுபோயிற்று.

முப்பிடாதியின் அப்பா ஆவுடையப்பன் தாடியை மழிக்காமல், உப்பைக் குறைத்து, கருமாதி நாளுக்காகக் காத்துக் கிடந்தார். முப்பிடாதி சுடுகாட்டுக்குப் போனாள். பொம்பளப் பிள்ளைக்குச் சுடுகாட்டில் என்ன வேலை என்று ஊர் கேட்டது. எங்க அம்மா அங்கதான நிக்கா என்றாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சத்தம் இருக்காது. அதுதான் அவளால் தாங்க முடியாதது. உயிரோடு இருக்கும்போது காற்றுக்கு ஏங்கினவள், செத்த பிறகாவது போய்ச் சேரட்டும் என்றால் அதற்கும் காற்றுதான் வேண்டியிருக்கிறது. எப்படியாவது அம்மாவை அனுப்பி வைக்க வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

இதற்கிடையில் புகையை அளக்கிறவர்கள் வந்தார்கள். சுத்தமான மின்சாரத்துக்காகக் கம்பெனிக்கு விருது கொடுக்கப்போகிறார்கள், ஆனால் எந்தப் பக்கமிருந்து காத்தாடியைப் போட்டோ எடுத்தாலும் பின்னால் புகை தெரிகிறது. அளக்கிறவர் சின்னப் பையன்தான், ஒரு கருவியைச் செல்லக்கனிக்கு நேரே நீட்டிப் பார்த்துவிட்டு, புகை விடுவது யார், பெயர் என்ன என்று கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் எழுந்து நின்று, "செல்லக்கனி சார். எம் பொண்டாட்டி" என்றார். பையன் அதை எழுதிக்கொண்டார். அடுத்த தடவை எரிவாயுவில் எரித்தால் புகை குறையும் என்று பரிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். விருதுக்காரர்கள் வந்த அன்று சுடுகாட்டைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள். காற்று இல்லாததால் அந்தத் துணி சுவர் மாதிரி அசையாமல் நின்றது, போட்டோவில் தோட்டம் மாதிரியே விழுந்தது.

கம்பெனியில் கூலிக்குப் புல் வெட்டப் போகிறவர்களில் முப்பிடாதியும் சேர்ந்தாள், உள்ளே போனால் ஏதாவது வழி தெரியும் என்றுதான். காத்தாடிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் ஜெபசிங் நாசரேத்துப் பக்கத்துக்காரர். அவர் கைபேசியைக் கையை விட்டு இறக்கினதே இல்லை. ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார், மேலே கரண்டைப் பங்கு வைக்கிற ஆபீசிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, தேவை குறைந்தால் காத்தாடியை நிறுத்தச் சொல்வார்கள் என்று.

முப்பிடாதி அரிவாளைக் கீழே வைத்தாள். காற்று இருக்கும்போதே நிறுத்துவீர்களா என்று கேட்டாள். பிறகு என்ன, மற்ற இடங்களில் நிறுத்தியிருக்கிறார்கள், இங்கே இன்னும் வரவில்லை என்றார் அவர், மெட்ராசில் மழை பெய்து, லீவு நாளாகவும் இருந்து, எல்லாரும் ஏசியை அணைத்துவிட்டால் இவ்வளவு கரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. எடுக்கிற காற்றில் வேண்டாம் என்று தள்ளுகிற காற்றும் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த வேண்டாத காற்றில் ஒரு வாய் அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. ஜெபசிங்கிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஊரில் சொன்னாள். அன்று முதல் செம்பாறைக்குறிச்சி மெட்ராசில் மழை பெய்ய வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தது. தன் வயலுக்கு மழை கேட்டு அலுத்துப்போன சனம், ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்திராத பட்டணத்துக்காக அம்மனுக்குப் பொங்கல் வைத்தது. டீக்கடையில் டிவியில் வானிலை சொல்லும்போது அரவம் இருக்காது. மெட்ராசில் மேகமூட்டம் என்றால் டீக்கடைக்காரர் எல்லாருக்கும் இனிப்புச் சேவு கொடுப்பார், வெயில் என்றால் பட்டணத்துக்காரர்களின் பாவத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். தூற்ற வேண்டிய உளுந்தை யாரும் ஓடைக்கு அந்தப்புறம் கொண்டுபோகவில்லை, களத்திலேயே குவித்து, சுளகை மேலே கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார்கள்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தில் விடாத மழை. இங்கே சுள்ளென்று வெயில். முப்பிடாதி சுடுகாட்டில் இருந்தாள். கிழக்கே காத்தாடிகளின் இரைச்சல் குறைந்தது, ஒவ்வொன்றாக இறக்கை தளர்ந்து நின்றது. எல்லாம் நின்றதும், வளைந்து போய்க்கொண்டிருந்த கச்சான் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி ஓடைக்கரையில் தயங்கியது, பிறகு விற்ற வீட்டிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய தொழுவத்துக்கே ஓடி வருகிற மாடு மாதிரி ஊருக்குள் வந்தது.

வேப்பமரம் முதலில் ஆடியது. பிறகு கொடிச் சேலைகள். பிறகு ஊரே சுளகும் கையுமாகக் களத்துக்கு ஓடியது, உளுந்து ஒரு பக்கமும் பொட்டும் தூசியும் ஒரு பக்கமுமாகப் பிரிந்து விழுந்தது, பொலி பொலி என்று சத்தம் கேட்டது, கிழவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றார்கள், குத்தாலிங்கம் கோவில் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

சுடுகாட்டில் பச்சைத் துணி கிழிந்து பறந்தது. நின்றவர்கள் கிளம்பினார்கள். பீடிக்காரர் முதலில் போனார், இடுப்பில் கை வைத்தவள் கையை எடுக்காமலே போனாள், எல்லாரும் மேலே ஏறி வானத்தில் கலந்து போய்விட்டார்கள். செல்லக்கனி மட்டும் தரையோடு போனாள். அவளுக்கு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். கிழக்கே, தினமும் போகிற அதே வழியில், ஒவ்வொரு கல்லிலும் தங்கித் தங்கிப் போனாள். கூடவே முப்பிடாதி நடந்தாள். நிக்காதம்மா, நிக்காமப் போ, காத்து இருக்கும்போதே போயிரு என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

செல்லக்கனி வெளி வேலியைக் கடந்து உள்ளே போய், சப்பட்டைக் கல்லில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கல்லில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கம், இனிமேல் உட்கார வேண்டியதில்லை என்று யார் அவளுக்குச் சொல்வது. உள்ளே ஜெபசிங்கின் கைபேசி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டார், சரி சார் என்றார், வேலிக்கு வெளியே நின்ற முப்பிடாதியைப் பார்த்தார், கல்லில் உட்கார்ந்திருந்த புகையையும் பார்த்தார்.

"அண்ணே, ஒரு பீடி குடிக்கிற நேரம் பொறுங்க. எந்திரிச்சிருவா. எப்பவும் இங்கன கொஞ்ச நேரம் உக்காருவா, அவ்வளவுதான்."

"பக்கத்துல எங்கயோ கரண்டு கேக்காங்களாம் தங்கச்சி. நான் சுவிட்ச் போடணும்னுகூட இல்ல. அவங்களே அங்கருந்து போட்டுருவாங்க."

போட்டுவிட்டார்கள். இறக்கைகள் அசைந்தன. ஊருக்குள் தூற்றிக்கொண்டிருந்த காற்று பாதித் தூற்றலில் திரும்பியது, தெருவையும் களத்தையும் சுடுகாட்டையும் துடைத்து எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தது. கல்லில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி நூல் மாதிரி நீண்டாள், ஒரு கை நெஞ்சில் இருந்தபடியே மேலே இழுபட்டாள், சுற்றுகிற இறக்கையில் போய்ச் சேர்ந்தாள். பிறகு ஒன்றுமில்லை. காத்தாடி சுற்றியது.

ஜெபசிங் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். அப்போதுதான் முதல் தடவையாக முப்பிடாதி அவரை வெறுங்கையோடு பார்த்தாள்.

ஊருக்கு அன்று பெரிய நாள். சுடுகாடு வெறுமையாகிவிட்டது, தீட்டு கழிந்தது. சண்முகவேலு ஒரே நாளில் எல்லா வீட்டுக் காரியத்துக்கும் நாள் குறித்துக் கொடுத்தார், நின்றுபோன கல்யாணங்களைப் பற்றி அன்றைக்கே பேச்சு எழுந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து வெறும் சுடுகாட்டைப் போட்டோ எடுத்து, புகையில்லாக் கிராமம் என்று ரோட்டோரத்தில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஆவுடையப்பன் முற்றத்தில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். போயிட்டாளா என்று கேட்டார். போயிட்டா என்றாள் முப்பிடாதி. நல்லபடியாப் போனாளா என்று கேட்டார். அவள் எழுந்துகொண்டாள். பழக்கத்தில் உள்ளே போய் விசிறியைப் போட்டாள்.

விசிறி சுற்றியது. சுற்றச் சுற்ற, கொடியில் கிடந்த அம்மாவின் பழைய சேலையின் நுனி அசைந்தது. அவள் கன்னத்தில் ஏதோ பட்டது, மெலிசாக, விட்டு விட்டு. கூடவே அந்தச் சத்தம். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம், இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, விசிறியின் கம்பிக்குள்ளிருந்து வந்தது.

ஆவுடையப்பன் முற்றத்திலிருந்து எழுந்து வந்தார். வாசற்படியில் நின்று முகத்தை நீட்டினார். அந்த வீட்டில் எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் நெற்றியில் வேர்வை ஆறியது. கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பிடாதி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் விசிறியை அணைத்தாள். சத்தம் நின்றது, சேலை நுனி தொங்கியது.

"ஏட்டி, ஏன் அமத்துன. போடு, கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"வேண்டாம்ப்பா. அவளுக்கு இளைக்கும்."

ஆவுடையப்பன் அவளுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது, எழுந்து விளக்கைப் போட இருவருக்கும் மனம் வரவில்லை. அப்பாவும் மகளும் நிற்கிற விசிறியைப் பார்த்தபடி வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள்.